பெருமாள்மலைக்கு மேலே ஒரு தனியார் சோலை: பதினான்கு பேர் போகலாமா?

வைகைக்கரை நடையாளர்

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஞாயிறுதோறும் காலை நடைக்குச் செல்லும் ஒரு சிறு குழுவில் நானும் ஒருவன். எங்களில் ஒருவருக்குத் தெரிந்த முதிய தம்பதியர், கோடைக்கானலுக்கு அருகே பெருமாள்மலைக்கு மேலே தங்களுக்குப் பட்டாவாக உள்ள 11 ஏக்கரில், கடந்த 16 ஆண்டுகளாக, அயல்நாட்டிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரங்களைச் சிறிது சிறிதாக அகற்றி, மலைக்கே உரிய சோலைக்காட்டு மரங்களை வளர்த்து வருகிறார்கள். "ஒரு நாள் வந்து பாருங்கள்" என்று அவர்கள் சொன்னதும் குழந்தைகள் உட்படப் பதினான்கு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். வேன் பேசியாயிற்று, கட்டுச்சோறு யார் கொண்டுவருவது என்பதுவரை முடிவாகிவிட்டது. பொறுப்பு என் கைக்கு வந்த பிறகுதான், இது பூங்காவும் அன்று, வனத்துறையின் சுற்றுலா இடமும் அன்று, ஒருவருடைய சொந்த நிலம் என்பது உறைத்தது.

அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்? பணம் கொடுக்கலாமா, கொடுத்தால் வருந்துவார்களா? வெறுங்கையோடு போக வேண்டாம் என்று எங்கள் குழுவினர் புங்கன், வேம்பு விதைகளை வைத்து ஐந்நூறு விதைப்பந்துகள் உருட்டி உலர்த்தியிருக்கிறார்கள். அவற்றை எங்கே வீசலாம் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தாண்டிக்குடிக் காப்பிக்காரர்

ஐயா, போவதற்கு முன்பே கேட்கத் தோன்றியதே, அதற்கு முதலில் நன்றி. தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்கு நிழல்மரங்களோடு கூடிய காப்பித் தோட்டம் இருக்கிறது. அதில் ஓடையின் இரு கரையிலுமாக நான்கு ஏக்கரை என் தந்தையார் காலத்திலிருந்தே கத்தி படாமல் விட்டுவைத்திருக்கிறோம். அந்த நான்கு ஏக்கருக்கு விருந்தினர்களை அழைத்து, சில முறை மனம் நொந்து, கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் எப்படிப் போவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். முன்கூட்டிச் சொல்லி அனுப்புவார்கள். வாசலில் கால் கழுவுவார்கள். கூட்டமாக உள்ளே நுழைய மாட்டார்கள். தாயின் முகத்தில் களைப்பு தெரிந்தால் எழுந்துவிடுவார்கள். மீண்டுவரும் சோலைக்கும் அதே முறைதான். எத்தனை பேர், எந்த நாள், எந்த வழியாக, எவ்வளவு நேரம் என்று நிலத்துக்காரரே சொல்லும்வரை அந்த அழைப்பு பாதி அழைப்புத்தான். மலையில் இருப்பவர்கள் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்லக் கூசுவார்கள். எனவே "பதினான்கு பேர் வரலாமா?" என்று கேட்காதீர்கள். "எத்தனை பேர் வந்தால் உங்களுக்குச் சிரமம் இராது?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் வருகிற விடை ஒன்றாக இருக்காது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியிலிருந்து இருபத்திரண்டு மாணவர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், ஒரு காகிதத்தைக்கூடக் கீழே போடவில்லை. ஓடைக்கரையில் சமதளமாகவும் பசுமையாகவும் இருந்த ஓர் இடத்தில் துண்டு விரித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தப் பசுமையில் பாதி, காட்டு நாவலின் நாற்றுகள். ஒரு சாண் உயரம்கூட இராது. நான்கைந்து இலைகளும் நுனியில் செம்பு நிறத்துக் கொழுந்துமாக, விதை விழுந்து மூன்று மழைக்காலத்தைத் தாண்டியவை. மறுநாள் காலையில் குனிந்து பார்த்தபோது தண்டுகள் மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. சிலவற்றை ஈர்க்குச்சி ஊன்றி நிமிர்த்திக் கட்டினேன். ஒன்றும் பிழைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் மீது எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. எங்கே உட்கார வேண்டும் என்று நான் முதலிலேயே காட்டியிருக்க வேண்டும். நீங்கள் போகும்போது, உட்காரும் இடம் எது என்று வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். விருந்தினர் வரும் நாளில் எங்கள் தோட்டத்தில் இரண்டு ஆள் வேலை நின்றுபோகும். அந்தக் கூலியையாவது ஏற்றுக்கொள்வது முறை. "நாற்றுப்பண்ணை ஆட்களின் கூலிக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்தால் யாரும் வருந்த மாட்டார்கள். மாசி, பங்குனி மாதங்களில் மட்டும் போக வேண்டாம். புல் காய்ந்து கிடக்கும் காலம் அது. தீத்தடுப்புக் கோடு வெட்டுவதிலும் இரவுக் காவலிலும் இருப்பவர்களுக்கு விருந்தினரைக் கவனிக்க நேரம் இருக்காது.

மன்னவனூர்ப் புல்வெளி

விதைப்பந்துகளைத் தயவுசெய்து மதுரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அவற்றை உருட்டிய கைகளின் நல்லெண்ணத்தை அறிந்தே இதைச் சொல்கிறேன்.

வேம்பும் புங்கனும் சமவெளி மரங்கள். அந்த உயரத்துக் குளிரில் அவை பெரும்பாலும் பிழைக்கமாட்டா என்பதால் கேடு எதுவும் இல்லை என்று தோன்றலாம். ஆனால் பந்தை உருட்டப் பயன்படுத்திய மண்ணிலும் எருவிலும் என்னென்ன களை விதைகள் கலந்திருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய கேடு, வெற்றிடமாகத் தெரியும் இடத்திலெல்லாம் மரம் வைக்க வேண்டும் என்ற எண்ணம். பழனி மலையின் மேல்தட்டில் சோலை என்பது நீர் கசியும் மடிப்புகளில் மட்டுமே இருக்கும்; அவற்றுக்கு இடைப்பட்ட சரிவுகள் இயல்பாகவே புல்வெளிகள். நீலகிரியின் சதுப்பு மண்ணை அடுக்கடுக்காகத் தோண்டி ஆராய்ந்தவர்கள், மனிதர் காடு வெட்டுவதற்கு மிக முன்பே, 20,000 ஆண்டுகளுக்கும் முன்னரே அங்கே புல்வெளி இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். பெய்யும் மழையைப் பிடித்து ஓடைக்கு மெல்லத் தருவது அந்தப் புல். 2006இலும் 2018இலும் பூத்து, மீண்டும் 2030இல் பூக்கவிருக்கும் குறிஞ்சி வாழ்வதும் அந்தப் புல்லின் நடுவில்தான். அதைத் தரிசு என்று எண்ணியதால்தான் சீகையும் பைனும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) மலை முழுவதும் நடப்பட்டன. 1973 முதல் 2014 வரை எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஆய்வு, அந்த நான்கு பத்தாண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று கூறுகிறது. ஆகவே மரமில்லாத ஒரு சரிவை அந்தப் பெரியவர்கள் உங்களுக்குக் காட்டினால், "இங்கே ஏன் ஒன்றும் நடவில்லை?" என்று கேட்காதீர்கள். அவர்கள் மிகவும் பாடுபட்டு மீட்ட பகுதி அதுவாகவே இருக்கக்கூடும்.

அவர்கள் சீகையைச் சிறிது சிறிதாக அகற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோதே அவர்களுக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொண்டேன். முதிர்ந்த சீகையின் நிழலில் சோலை நாற்றுகள் தாமாகவே முளைக்கின்றன. ஒரே மூச்சில் வெட்டித் தள்ளினால் வெயில் தரையில் விழும். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கக்கூடிய சீகை விதைகள் கூட்டமாக எழும்.

இனிக் காலணி. சென்ற ஆண்டு எங்கள் புல்வெளிக்கு வந்த ஐந்து பேரின் காலணிகளை ஒரு வெள்ளை வேட்டியின் மேல் தட்டச் சொன்னேன். ஒரு காலணியின் அடிப்பள்ளத்தில் இறுகியிருந்த மண்ணைக் குச்சியால் கிளறியபோது, கடுகளவில் கறுத்துத் தட்டையாக இருந்த பார்த்தீனிய விதைகள் உதிர்ந்தன. இன்னொருவரின் காலுறையில் நாயுருவி விதைகள் வரிசையாகத் தைத்திருந்தன. எங்கோ ஒரு பேருந்து நிலையத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டவை மலையுச்சிவரை வந்து சேர்ந்திருந்தன. புறப்படும் முன்பே காலணியைக் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். பழைய பல் துலக்கும் தூரிகை ஒன்றைப் பையில் வையுங்கள். வேனைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து செல்லுங்கள். பூச்செடித் தொட்டியை அன்பளிப்பாகக் கொண்டுபோவதும் வேண்டாம். நீலகிரியின் புல்வெளிகளில் இன்று மஞ்சளாகப் பரவிக் கிடக்கும் முட்புதர்களும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்தவைதாம்.

வைகைக்கரை நடையாளர்

இருவருக்கும் நன்றி. விதைப்பந்து பற்றிக் குழுவில் சொன்னபோது இரண்டு பேருக்கு முகம் வாடிவிட்டது. புல்வெளி பற்றி மன்னவனூர் அம்மா எழுதிய பத்தியை வாசித்துக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்கள். எண்ணிக்கையைத் தம்பதியரிடமே விடுவதாக முடிவு செய்திருக்கிறோம்.

சோலைப்பறவை நோக்குநர்

நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் கோடைக்கானலுக்கு அருகே ஒரு தனியார் நிலத்தில், அதன் உரிமையாளரின் அனுமதியோடு, வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்னும் சிறு நீலப்பறவையின் கூட்டைப் பார்த்தேன். பாதையோர மண்திட்டில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. அதன் வாயில் பாசி. உள்ளே நீலநிற முதுகு அசைவது மட்டும் தெரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. மகிழ்ச்சியில் அன்றிரவே படத்தை வெளியிட்டுவிட்டேன். இடத்தின் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் கைப்பேசி அந்தப் படத்தோடு இருப்பிடத்தையும் பதிந்திருந்தது. நான் அதை நீக்காமலே ஏற்றியிருந்தேன். அடுத்த சனி, ஞாயிறுகளில் முன்பின் அறியாதவர்கள் அந்த வாசலில் வந்து நின்றார்கள். சிலர் பறவையின் குரலை ஒலிபெருக்கியில் இசைத்து அதை வெளியே வரவழைத்தார்கள். தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டதாக எண்ணி, அது அடைகாப்பதை விட்டுவிட்டு வெளியே வந்து தேடும். பத்து நாளில் கூடு வெறுமையாகிவிட்டது என்று உரிமையாளர் சொன்னார். பாம்போ எலியோ காரணமாக இருந்திருக்கலாம் என்று அவரே எனக்கு ஆறுதலும் சொன்னார். அந்த ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. வாசலில் அவர் கட்டிய சங்கிலி இன்றும் இருக்கிறது.

எனவே உங்கள் குழுவினர் அனைவரும் மலையேறும் முன்பே கைப்பேசிக் கேமராவில் இருப்பிடப் பதிவை நிறுத்திவிடட்டும். எந்தப் படத்தை வெளியிடலாம் என்பதை நிலத்துக்காரரே முடிவு செய்யட்டும். கூட்டையோ ஆர்க்கிடையோ, எந்த விதமாகவும் இடம் தெரியும்படி வெளியிட வேண்டாம். பறவைக் குரலை ஒலிக்கவிடும் செயலியை அங்கே திறக்கவே கூடாது.

பண்ணைக்காட்டில் பிறந்தவன்

எல்லோரும் விருந்தினரின் கடமைகளையே பேசுகிறீர்கள். நிலம் வாங்குகிறவர்களின் கடமையை யார் பேசுவது? எங்கள் பக்கத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் நிலம் வாங்கி, 'இயற்கைப் பாதுகாப்புப் பகுதி' என்று பலகை வைத்து, சுற்றிலும் கம்பிவேலி இட்டார். எங்கள் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சுள்ளி பொறுக்கப் போன ஒற்றையடிப் பாதை அதோடு மூடிப்போனது. காட்டெருமைகள் இரவில் இறங்கும் தடமும் அந்த வேலியில் முட்டி நின்றதால், அவை எங்கள் பீன்ஸ் வயலுக்குள் திரும்பின. இரண்டு ஆண்டு கழித்து அங்கே எழுந்தவை மரவீடுகள். வார இறுதிகளில் பாட்டும் விளக்கும் விடியும்வரை இருக்கின்றன. பாதுகாப்பு என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டி வருகிறவர்களுக்கு இது தெரியாது. பொறுப்பாகப் பார்வையிடுவது என்றால், எந்த இடத்துக்குப் போகிறோம் என்பதை விசாரிப்பதும் அதில் அடங்க வேண்டும் அல்லவா?

தாண்டிக்குடிக் காப்பிக்காரர்

தம்பி சொல்வதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது. பெயர்ப்பலகையை வைத்து யாரும் ஒரு நிலத்தைக் காப்பு நிலம் என்று நம்பிவிட வேண்டாம். நான் ஒரு புதிய இடத்துக்குப் போனால் சில கேள்விகளைக் கேட்பேன். எந்தச் செடியை அகற்றினீர்கள், அதன் இடத்தில் தானாக வந்தது எது? நாற்றுகளின் விதை எந்தச் சோலையிலிருந்து வந்தது? ஓடையிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கிறீர்கள்? வேலி விலங்குகள் கடக்கும்படி இருக்கிறதா? அண்டை ஊரார் வந்து போகிறார்களா? உண்மையாக உழைத்தவருக்கு இவை மகிழ்ச்சி தரும் கேள்விகள். விடை சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். அறையின் வசதிகளைப் பற்றியே பேசுகிறவர் நடத்துவது விடுதி. விடுதி நடத்துவது குற்றமில்லை. ஆனால் அதை விடுதி என்றே சொல்ல வேண்டும்.

பாதையை மூடுவது பற்றி எனக்கும் ஒரு குற்றவுணர்வு உண்டு. எங்கள் ஓடைக்கரை வழியாகப் பளியர் குடியைச் சேர்ந்தவர்கள் தேன் எடுக்கப் போவார்கள். சோலையைக் காக்கிறேன் என்று ஒரு முறை நானும் அங்கே வேலி போட எண்ணினேன். அவர்களில் வயதில் மூத்த ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்று, நான் பெயர் அறியாமல் 'காட்டுமரம்' என்று கணக்கெழுதி வைத்திருந்த ஏழு மரங்களுக்குப் பெயர் சொன்னார். வேலி போடும் எண்ணத்தை அன்றோடு விட்டுவிட்டேன்.

சட்டம் பயில்பவர்

சட்டத்தை ஒட்டிச் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லின் பொருள் விரிவானது. காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதும் அதற்குள் வரும். பட்டா நிலத்தில் நடந்தாலும் வரும். அதே சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 36சி பிரிவின்படி, தனியொருவர் தாமாக முன்வந்து காட்டுயிர்களைக் காத்துவரும் நிலத்தை அரசு 'சமுதாயக் காப்பகம்' என அறிவிக்க இயலும். அதைப் பற்றி நிலத்துக்காரர்கள் பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று: நிலத்துக்காரர் தரும் அனுமதி அவருடைய எல்லைக் கல்லோடு முடிந்துவிடுகிறது. கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர். பல பட்டா நிலங்கள் அதை ஒட்டியே இருக்கின்றன. அருவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று யாராவது காட்டினாலும் எல்லையைத் தாண்ட வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அதன் பிறகே அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. உங்கள் வேனுக்கு மின்-அனுமதிச்சீட்டும் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கோடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் அந்த முறை நடைமுறையில் இருக்கிறது.

கூக்கால் வழிகாட்டி

நான் மலையில் பிறந்து, வழிகாட்டியாக வேலை செய்பவள். மற்றவர்கள் சொல்லக் கூச்சப்படுவதைச் சொல்கிறேன். கழிப்பறை எங்கே என்று வந்தவுடன் கேளுங்கள். ஓடையின் மேற்புறம் ஒதுங்கினால், கீழே அந்த நீரைக் குடிக்கும் ஊர்கள் இருக்கின்றன. அட்டை கடிக்கும் என்று உப்பை வழியெல்லாம் தூவாதீர்கள். நீளமான காலுறை போதும். பழத்தோலைக் காட்டில் எறிந்தால் மக்கிவிடும் என்று எண்ணாதீர்கள், குரங்கு பழகிவிடும். காட்டெருமை எதிரே நின்றால் படம் எடுக்க முன்னேற வேண்டாம். அதற்கு வழி விட்டு, சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். கீழ்ப்பழனிப் பக்கம் பலா பழுக்கும் காலத்தில் யானையும் வரும். மாலை நான்கு மணிக்குள் கீழே இறங்கிவிடுவது நல்லது. உங்களோடு வரும் வழிகாட்டியையோ வேலையாளையோ கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

வைகைக்கரை நடையாளர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். போய் வந்துவிட்டோம்.

காப்பிக்கார ஐயா சொன்ன விதமாகவே தொலைபேசியில் கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் அமைதி. பிறகு அந்த அம்மா, "ஆறு பேர் என்றால் நானே கூட நடப்பேன்" என்றார். ஆறு பேராகப் போனோம்; அதில் இருவர் சிறுவர்கள். வேனை விட்டுவிட்டு வத்தலக்குண்டு வழியாகப் பேருந்தில் சென்று, சாலையிலிருந்து நடந்தோம். வாசலிலேயே காலணிகளைத் தூரிகையால் துடைத்து, உதிர்ந்ததைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், பூட்டியிருந்த மேல்தோப்பின் சாவியையும் எடுத்துவந்தார்.

மேல்தோப்பில் விழுந்து கிடந்த ஒரு சீகை மரத்தை அவர் காட்டினார். மரப்பட்டை கையோடு பெயர்ந்து வரும் அளவுக்கு மக்கியிருந்தது. அதன் அடியில், ஈரம் சேரும் பக்கத்தில் மட்டும் பதினேழு நாற்றுகள். சிறுவன் ஒருவன் மண்டியிட்டு, தொடாமல், விரலை மேலே நகர்த்தி எண்ணினான். காட்டுச்செண்பகம் எது, விக்கி எது என்று அந்த அம்மா இலையின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார். அதற்கு அப்பால் இருந்த வெறும் புல்சரிவின் முன் நின்றபோது நாங்கள் யாரும் "ஏன் மரம் இல்லை?" என்று கேட்கவில்லை. "இது எத்தனை வருடம் பிடித்தது அம்மா?" என்று என் மனைவி கேட்டதும், அவர் அங்கேயே உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினார். பெரியவர் எங்களுக்கு ஒரு வேலையும் கொடுத்தார். முந்தின நாள் மழையில் மண் இளகியிருந்ததால், புல்லுக்கிடையே முளைத்திருந்த சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்கச் சொன்னார். அவற்றின் இலை தொட்டாற்சுருங்கியின் இலையைப் போலப் பொடிப்பொடியாக இருந்ததால் சிறுவர்களுக்கும் அடையாளம் எளிதாகப் பிடிபட்டது. சாப்பிடுவதற்கு வீட்டுத் திண்ணையைக் காட்டினார்கள்.

கூலிக்கென்று கொடுத்ததை அந்த அம்மா வாங்கி, எங்கள் கண்முன்னே நோட்டில் எழுதிக்கொண்டார். படங்களில் மூன்றை வெளியிடலாம் என்று தேர்ந்து சொன்னார். ஒன்றில் அவருடைய கைகள் மட்டும் இருக்கின்றன. மற்ற எட்டுப் பேரில் ஐவர், கார்த்திகை மழை ஓய்ந்தபின் தை முதல் வாரத்தில் வரலாம் என்று அவரே நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். விதைப்பந்துகளை உடைத்து, விதைகளை எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் பைகளில் விதைத்தோம். புங்கன் முளைத்துவிட்டது, வேம்பு இன்னும் தலைகாட்டவில்லை.